நீலக் குதிரையைக் கண்டுகொண்ட வகுப்பு: பள்ளி நூலகத்தில் எரிக் கார்லின் 11 நூல்கள்

எங்கள் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு நூலகப் பாடவேளை வாரத்திற்கு ஒன்று, 40 நிமிடம். அந்த நேரத்தில் வாரம் ஒரு கதையைக் கைக்குக் கிடைத்த நூலிலிருந்து வாசித்துக் காட்டுவதைவிட, ஒரே மனிதர் எழுதி வரைந்த நூல்களைத் தொடர்ந்து வாசித்து, அந்த மனிதரின் கையைக் குழந்தைகளே அடையாளம் கண்டுகொள்ளும்படி செய்யவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்காக அமெரிக்கப் படப்புத்தகக் கலைஞர் எரிக் கார்லின் 11 நூல்களை வாங்கினோம். இரண்டு கல்வியாண்டுகள், ஆண்டுக்கு ஒரு பருவம் என்று அவற்றை வாசித்து முடித்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஒவ்வொரு நூலும் தனித்தனியே நல்ல கதையா என்பதை இங்கே நான் பெரிதாக ஆராயவில்லை. பதினொன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளின் முன் விரிக்கப்படும்போது என்ன நிகழ்கிறது, எந்த நூல் அந்தப் பயணத்திற்கு உதவுகிறது, எந்த நூல் உதவவில்லை, எந்தப் பதிப்பை வாங்கவேண்டும் என்பதே என் அக்கறை.

கார்லைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. இத்தகைய வாசிப்புக்கு உரியவருடைய படங்கள் கடைசி வரிசையில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியவேண்டும். கார்லின் விலங்குகள் வெள்ளைப் பின்னணியில் பெரிதாக, தெளிவான விளிம்போடு நிற்கின்றன. அவருடைய உத்தியைக் குழந்தை தன் கையாலேயே செய்து பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். மெல்லிய தாளுக்கு வண்ணம் பூசி, காயவைத்து, வெட்டி, ஒட்டுவதுதான் அவருடைய உத்தி. எல்லாவற்றையும்விட முக்கியமாக, சில நூல்களை அவர் தாமே எழுதி வரைந்திருக்கவும், சில நூல்களில் வேறொருவர் எழுதியதற்கு அவர் வரைந்திருக்கவும் வேண்டும். எழுதுவதும் வரைவதும் இரண்டு வேலைகள் என்பதை ஆறு வயதுக் குழந்தைக்கு விளக்கிச் சொல்லிப் பயனில்லை. இரண்டு வகை நூல்களையும் அருகருகே வைத்தால் அது தானே கண்டுகொள்ளும்.

இங்கே எங்களுக்குத் தமிழிலேயே ஒரு சிக்கல் இருந்தது. முதல் வகுப்பில் நான் "இந்த நூலின் ஆசிரியர் எரிக் கார்ல்" என்று தொடங்கியதும், முன்வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன், "அவர் எந்த வகுப்புக்கு ஆசிரியர்?" என்று கேட்டான். அவன் கேட்டது முற்றிலும் நியாயம். அவனுக்குத் தெரிந்த ஆசிரியர்கள் எல்லாரும் பாடம் நடத்துகிறவர்கள்தாம். நூலாசிரியர் என்று திருத்தினாலும் குழப்பம் தீரவில்லை. அன்றிலிருந்து "எழுதியவர்", "வரைந்தவர்" என்ற இரண்டு எளிய சொற்களை மட்டுமே பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு நூலையும் திறப்பதற்கு முன் அட்டையைக் காட்டி "எழுதியவர் யார், வரைந்தவர் யார்" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மூன்றாம் வாரத்தில் நான் மறந்தாலும் குழந்தைகள் மறப்பதில்லை.

முதல் ஆண்டில் நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன், மற்ற நூலகர்களுக்கு உதவும். கார்லின் வாழ்க்கை வரலாற்றை ஒரு பெரிய தாளில் ஆண்டுவாரியாக எழுதி, முதல் வகுப்பையே அதைக்கொண்டு தொடங்கினேன். 1929-இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் பிறந்தார், ஆறு வயதில் பெற்றோருடன் ஜெர்மனிக்குப் போனார், 1952-இல் அமெரிக்காவுக்குத் திரும்பினார் என்று சொல்லிக்கொண்டே போனேன். குழந்தைகள் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒருவருக்கும் ஒரு கேள்வியும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் பிறந்த ஊரைத் தெரிந்துகொள்வதில் அவர்களுக்கு என்ன ஆர்வம் இருக்கமுடியும்? அவருடைய நூல்களோடு பழகிய பிறகுதான் அவரைப் பற்றிய ஆவல் பிறக்கும். இரண்டாம் ஆண்டில் அந்தத் தாளைச் சுருட்டி வைத்துவிட்டு, நேராக நூல்களுக்குள் நுழைந்தோம். அவரைப் பற்றிய செய்திகளைக் குழந்தைகள் கேட்கும்போது மட்டும், அவர்கள் கேட்ட அளவுக்கு மட்டும் சொன்னேன்.

தொடங்கவேண்டிய நூல் 1971-இல் வெளிவந்த 'டூ யூ வாண்ட் டு பீ மை ஃபிரண்ட்?'. பலரும் புகழ்பெற்ற புழுவின் கதையிலிருந்தே தொடங்குவார்கள். எனக்கு அது சரியென்று தோன்றவில்லை. இந்த நூலில் தொடக்கத்திலும் முடிவிலும் தவிர எழுத்தே கிடையாது. தோழமை தேடிப் புறப்படும் ஒரு சுண்டெலி பக்கத்தின் ஓரத்தில் ஒரு வாலைப் பார்க்கிறது. பக்கத்தைத் திருப்பினால் அந்த வாலுக்கு உரிய விலங்கு நிற்கிறது. அதற்கப்பால் இன்னொரு வால் தெரிகிறது. எங்கள் குழந்தைகளுக்கு ஆங்கிலம் இப்போதுதான் அறிமுகமாகிறது. இந்த நூலை அவர்கள் முழுவதும் தாங்களாகவே, தமிழிலேயே வாசித்துவிடுகிறார்கள். பக்கங்களின் அடியில் தரைபோல ஓடிவரும் பச்சைக் கோடு உண்மையில் ஒரு பாம்பின் உடல் என்பது கடைசியில் தெரியவரும்போது, முதல் பக்கத்திற்குத் திரும்பிப் போகச்சொல்லி எல்லாரும் கேட்டார்கள். ஒரு நூலைப் பின்னோக்கித் திருப்பிப் பார்ப்பது என்னும் பழக்கம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. அடுத்த வாரம் வாசித்த '1, 2, 3 டு தி ஸூ' 1968-இல் வந்தது. கார்ல் தாமே உருவாக்கிய முதல் படப்புத்தகம். விலங்குகளை ஏற்றிச் செல்லும் ரயில்வண்டி, எண்ணுவதற்கான நூல், அதிலும் கதையைச் சொல்ல எழுத்து இல்லை. முந்தின வாரத்து நூலைப் போலவே இதிலும் ஒரு சுண்டெலி மறைந்திருக்கிறது என்பதைக் குழந்தைகள் கண்டுபிடித்தபோது, இந்த ஏற்பாடு பயன் தருகிறது என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

மூன்றாம் வாரம் 'பிரவுன் பேர், பிரவுன் பேர், வாட் டூ யூ ஸீ?' என்னும் பழுப்புக் கரடியின் நூல். 1967-இல் வந்த இதை எழுதியவர் பில் மார்ட்டின் ஜூனியர், வரைந்தவர் கார்ல். விளம்பர நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த கார்ல் ஒரு விளம்பரத்திற்காக உருவாக்கிய செந்நிறச் சிங்கி இறாலின் படத்தை மார்ட்டின் பார்த்து, தம் நூலுக்கு வரையவேண்டியவர் இவர்தான் என்று தேடிப்போய்க் கேட்டார். அதுவரை படப்புத்தகம் எதற்கும் வரைந்திராத கார்ல், 38-ஆம் வயதை எட்டும் காலத்தில் இந்த வேலைக்குள் வந்தது இப்படித்தான். கேள்வியும் பதிலுமாகச் செல்லும் அந்த வரிகளை இரண்டு முறை கேட்டதும் வகுப்பே சேர்ந்து சொல்லத் தொடங்கிவிடுகிறது. சிவப்புப் பறவை, மஞ்சள் வாத்து ஆகியவற்றை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் நான்காவதாக நீலக் குதிரை வந்ததும் நிறுத்தினார்கள். "குதிரை நீலமாக இருக்குமா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். ஊதாப் பூனை வரும்போது அந்தக் கேள்வி இன்னும் வலுத்தது. நான் விடை சொல்லவில்லை. "வரைந்தவரிடம்தான் கேட்கவேண்டும், பருவம் முடிவதற்குள் விடை கிடைக்கிறதா பார்க்கலாம்" என்று கேள்வியைக் கரும்பலகையின் மூலையில் எழுதிவைத்தேன்.

அதே இருவரும் சேர்ந்து உருவாக்கிய, 1991-இல் வந்த 'போலார் பேர், போலார் பேர், வாட் டூ யூ ஹியர்?' என்னும் நூலையும் சேர்த்து வாங்குங்கள் என்று தயங்காமல் பரிந்துரைப்பேன், அதுவும் தமிழ்க் குழந்தைகளுக்காகவே. அதில் வரும் ஒவ்வொரு விலங்கும் தனக்கு அடுத்ததன் ஒலியைக் கேட்கிறது. ஒவ்வோர் ஒலிக்கும் ஆங்கிலத்தில் தனித்தனி வினைச்சொல் இருக்கிறது. அதைத் தமிழில் சொல்லப் புகுந்தால் நம் ஒலி மரபு அப்படியே கைகொடுக்கிறது: சிங்கம் முழங்கும், பாம்பு சீறும், யானை பிளிறும், மயில் அகவும். தமிழ்ப் பாடவேளையில் பட்டியலாக மனப்பாடம் செய்யப்படும் இந்தச் சொற்கள் இங்கே கதையின் நடையாகவே வந்துவிடுகின்றன. ஆனால் நீர்யானைக்கும் கடற்பசுவைப் போலத் தோன்றும் வால்ரசுக்கும் நம்மிடம் மரபுச்சொல் இல்லை. அவற்றிற்கு என்ன சொல்லலாம் என்று குழந்தைகள் ஒரு பாடவேளை முழுவதும் விவாதித்தார்கள். அந்த வாரம் வேறு நூலுக்குப் போகவே இல்லை, எனக்கும் போகத் தோன்றவில்லை.

இனி, எல்லாரும் அறிந்த 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்'. 1969-இல் வெளிவந்து, 60-க்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டு, 5 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்ற நூல் இது. திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய், புதனன்று மூன்று பிளம், வியாழனன்று நான்கு ஸ்ட்ராபெரி, வெள்ளியன்று ஐந்து ஆரஞ்சு என்று தின்றுகொண்டே போகும் புழு, சனிக்கிழமை பத்து வகைப் பண்டங்களைத் தின்று வயிற்றுவலியில் துடிக்கிறது. ஞாயிறன்று ஒரு பச்சை இலையைத் தின்று தேறுகிறது. கூடு கட்டிக்கொண்டு பட்டாம்பூச்சியாகிறது. கிழமைகள், எண்கள், வளர்சிதை மாற்றம் என்று பாடங்களுக்கு ஏற்றதாக இதைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அது தவறில்லை. ஆனால் எழுதி வரைந்தவரை அறிவதற்கான வாசிப்பில் நாங்கள் கவனித்தது வேறொன்றை: பழங்களின் பக்கங்கள் ஒன்றைவிட ஒன்று அகலமாக வெட்டப்பட்டிருப்பதையும், புழு தின்ற இடத்தில் தாளிலேயே துளை இருப்பதையும். அந்தத் துளைக்கு ஒரு வரலாறு உண்டு. கார்ல் ஒரு நாள் தாள்க்கட்டில் துளைபோடும் கருவியால் விளையாட்டாகத் துளையிட்டுக்கொண்டிருந்தபோது, புத்தகத்தைத் துளைக்கும் புழுவின் நினைவு வந்தது. முதலில் அவர் எழுதியது வில்லி என்னும் ஒரு புழுவின் ஒரு வாரக் கதை. பதிப்பாசிரியர் ஆன் பெனடூஸ் அதைப் பட்டாம்பூச்சியாக மாறும் புழுவாக்கலாம் என்று சொல்லாமல் இருந்திருந்தால் இந்த முடிவே கிடைத்திருக்காது. துளைகளும் வெவ்வேறு அகலப் பக்கங்களும் கொண்ட நூலைக் கட்டுப்படியாகும் செலவில் அச்சிட அமெரிக்காவில் அச்சகம் கிடைக்காமல், முதல் பதிப்பு ஜப்பானில் அச்சாயிற்று.

இந்த வரலாற்றை வாயால் சொல்வதற்குப் பதிலாக, அலுவலக அறையிலிருந்து பஞ்சிங் மெஷினை எடுத்துவந்து நடுவில் வைத்தேன். நான்கு பழைய தாள்களைச் சேர்த்துத் துளையிட்டதும், "புழு வந்துட்டுப் போயிருக்கு" என்று ஒரு குழந்தை சொன்னது. ஒரு நூல் எங்கிருந்து பிறக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக என்னால் கற்பித்திருக்கமுடியாது. பதிப்பாசிரியர் என்று ஒருவர் இருக்கிறார், எழுதியவரும் அவரும் பேசிக்கொள்கிறார்கள், நல்ல யோசனை இன்னொருவரிடமிருந்தும் வரலாம் என்பதும் அன்று அவர்களுக்குப் புரிந்தது.

இந்த நூலைத் தமிழில் சொல்வதில் சில இடங்கள் தடுக்கின்றன. புழுவை நான் 'கம்பளிப்பூச்சி' என்றதும் குழந்தைகள் மறுத்தார்கள். கம்பளிப்பூச்சி என்றால் முருங்கை மரத்தில் கூட்டமாக இருப்பது, தொட்டால் அரிக்கும், இது எலுமிச்சைச் செடியில் இருக்கும் பச்சைப்புழு என்றார்கள். அவர்கள் சொன்னதே சரி, பெயரை மாற்றிக்கொண்டேன். சனிக்கிழமைப் பட்டியலில் உள்ள பிக்கிளை 'ஊறுகாய்' என்று சொன்னால், படத்தில் இருப்பதோ முழு வெள்ளரிப்பிஞ்சு. சலாமியும் செர்ரி பையும் எங்கள் குழந்தைகள் பார்த்தே இராத பண்டங்கள். இவற்றை இட்லி, முறுக்கு என்று மாற்றிச் சொல்லும் வழக்கம் உண்டு. நான் அப்படிச் செய்வதில்லை. படம் ஒன்றும் சொல் வேறொன்றுமாக இருந்தால், வரைந்தவரைக் கவனிக்கச் சொல்லும் நம் நோக்கமே கெட்டுவிடும். பண்டங்களை உள்ளபடியே சொல்லி, அந்த ஊரில் அது தின்பண்டம் என்றால் குழந்தைகள் இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

இந்த நூலின் மீது அறிவியல் ஆசிரியர்கள் நெடுங்காலமாகச் சொல்லும் குறை ஒன்றுண்டு. கார்ல் பயன்படுத்திய ஆங்கிலச் சொல் அந்துப்பூச்சிகள் நூற்கும் கூட்டைக் குறிப்பது. பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழுவுக்கு வேறு சொல் இருக்கிறது. தமிழில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. பட்டுப்புழுவினுடையதும் கூடு, பட்டாம்பூச்சியினுடையதும் கூடு, பறவையினுடையதும் கூடு. ஆகவே வாசிக்கும்போது நான் அந்த இடத்தைத் தடையின்றிக் கடந்துவிடுகிறேன். பட்டாம்பூச்சி எப்படி வெளிவருகிறது என்பதை மட்டும், செடியிலிருந்து கொண்டுவந்த புழுவை வகுப்பில் வளர்த்தபோது நேரிலேயே பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்து வரும் சிறு உயிர்களின் நூல்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1984-இல் வந்த சிலந்தி நூல், 'தி வெரி பிஸி ஸ்பைடர்'. பண்ணை விலங்குகள் ஒவ்வொன்றாக வந்து அழைக்க, சிலந்தி எதற்கும் பதில் சொல்லாமல் வலை பின்னிக்கொண்டே இருக்கிறது. வலையின் இழைகள் தாளில் புடைப்பாக அச்சிடப்பட்டிருப்பதால், பக்கத்திற்குப் பக்கம் வலை வளர்வதை விரலால் உணரலாம். பார்வைக் குறைபாடு உள்ள ஒரு குழந்தை எங்கள் இரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். அந்த வகுப்பில் வலை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று மற்றவர்களுக்குச் சொல்லும் பொறுப்பு அவளுடையதாயிற்று. அவள் சொன்ன பிறகே பக்கம் திருப்பினோம். இந்த ஒரு நூலுக்காகவே இந்தத் தொகுதியை வாங்கலாம் என்பேன்.

சில்வண்டின் கதையான 'தி வெரி கொயட் கிரிக்கெட்' 1990-இல் வந்தது. கடைசிப் பக்கத்தைத் திறக்கும்போது உள்ளே வைத்த ஒரு சிறு மின்பொறியிலிருந்து சில்வண்டின் ஒலி எழும். மின்மினியின் கதையான 'தி வெரி லோன்லி ஃபயர்ஃபிளை' 1995-இல் வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் விளக்குகள் மினுக்கும். முதன்முறை கேட்கும்போதும் பார்க்கும்போதும் வகுப்பில் எழும் அமைதியை நான் மறக்கமாட்டேன். ஆனால் நூலகத்திற்கு வாங்குகிறவர் ஒன்றை எண்ணிப்பார்க்கவேண்டும்: இவை மின்கலத்தை நம்பியவை. வீட்டில் ஒரு குழந்தை திறந்து மூடும் எண்ணிக்கை வேறு, நூலகத்தில் நூற்றுக்கணக்கான கைகள் திறந்து மூடுவது வேறு. ஒலி நின்றபிறகு சில்வண்டின் நூல் தன் முடிவையே இழந்துவிடுகிறது. அதுவரை எல்லா முயற்சியிலும் ஊமையாக இருந்த வண்டு கடைசியிலும் ஊமையாகவே இருந்தால் கதைக்குப் பொருளே இல்லை. நாங்கள் வகுப்பையே சில்வண்டாக்கி அந்தக் குறையை ஈடுசெய்தோம். இரண்டில் ஒன்றுதான் வாங்கமுடியும் என்றால் சில்வண்டை வாங்குங்கள். அதன் சொற்கள் மின்மினியினுடையதைவிடச் செறிவானவை.

1977-இன் 'தி குரௌச்சி லேடிபக்' என்னும் சிடுசிடுப் பொறிவண்டின் நூலில், வம்புக்கு இழுக்கப்படும் விலங்கு பெரிதாகப் பெரிதாகப் பக்கமும் பெரிதாகிறது. மணிகாட்டும் கடிகாரம் ஒன்று ஓரத்தில் ஓடுகிறது. சூரியன் பக்கத்திற்குப் பக்கம் மேலேறி இறங்குகிறது. புழுவின் நூலில் பார்த்த பக்கம் வெட்டும் உத்தியை இங்கே குழந்தைகள் உடனே இனங்கண்டார்கள். 1986-இன் 'பாப்பா, பிளீஸ் கெட் தி மூன் ஃபார் மீ' என்னும் நூலில் மகள் கேட்டதற்காகத் தந்தை நெடிய ஏணியில் ஏறி நிலாவைக் கொண்டுவருகிறார். ஏணிக்காகப் பக்கம் விரிகிறது, நிலாவுக்காக இன்னும் பெரிதாக விரிகிறது. பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவத்திலும், சோறூட்டும் தாய்மார் வாயிலும் நாம் நிலாவைக் குழந்தையிடம் வரச்சொல்லி அழைப்போமே ஒழிய, ஏறிப்போய் எடுத்துவருவதில்லை. ஆகவே இந்தத் தந்தையின் செயல் எங்கள் குழந்தைகளுக்குப் புதுமையாகவும் பெருமையாகவும் இருந்தது. விரியும் பக்கங்களின் மடிப்பு கிழியத்தான் செய்யும். வாங்கிய அன்றே மடிப்பின் பின்புறத்தில் மெல்லிய துணிநாடா ஒட்டிவிடுங்கள். செலோடேப் ஒட்டவேண்டாம், சில மாதங்களில் மஞ்சளாகி, தாளையும் கெடுத்துவிடும்.

ஏழாம் வாரத்தில் தாள் செய்தோம். கார்ல் வெள்ளை டிஷ்யூ தாளில் அக்ரிலிக் வண்ணத்தைத் தூரிகையாலும் விரலாலும் பஞ்சாலும் பூசி, காயவைத்து, நிறவாரியாக இழுப்பறைகளில் அடுக்கிவைத்துக்கொண்டு, தேவையானபோது எடுத்து வெட்டி ஒட்டினார். அவருடைய நூல்களின் அட்டையை அடுத்த உட்பக்கங்களில் அந்தத் தாள்களின் கோலத்தையே காணலாம்; கதைக்கு முன்பாக அந்தப் பக்கங்களில் சற்று நேரம் நிற்பது எங்கள் வழக்கம். எங்களுக்குத் தாள் கிடைத்தது புடவைக் கடையில்: சேலை மடிப்புக்குள் வைத்துத் தரும் மெல்லிய வெள்ளைத் தாள். போஸ்டர் வண்ணத்தில் தண்ணீர் கூடினால் கிழிந்துவிடும் என்பதால் வண்ணத்தைக் கெட்டியாகவே கொடுத்தோம். கொடிகட்டி, துணிக்கிளிப்பில் மாட்டி, தாழ்வாரத்தில் காயவைத்தோம். ஒட்டுவதற்கு மைதாப் பசையே போதும், ஆனால் அதை வைத்திருந்தால் பூச்சி வரும். புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, குழந்தைகளின் கையில் தரக்கூடாது. ஃபெவிக்காலில் தண்ணீர் கலந்து பயன்படுத்தினோம். எல்லாரும் ஒரே மாதிரி பச்சைப்புழு செய்து சுவரில் தொங்கவிடுவது பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. அது கைவேலை வகுப்பாகுமே தவிர, கலைஞரை அறிதல் ஆகாது. எந்த உயிர், எந்த நிறம் என்பதைக் குழந்தைக்கு விட்டுவிட்டால்தான், கார்ல் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு முடிவு எடுத்திருக்கிறார் என்பது அதற்குத் தெரியும்.

கடைசி வாரத்திற்கென்று வைத்திருந்தது 2011-இல் வந்த 'தி ஆர்ட்டிஸ்ட் ஹூ பெயிண்டட் எ புளூ ஹார்ஸ்'. ஓர் ஓவியன் நீலக் குதிரையையும், சிவப்பு முதலையையும், மஞ்சள் பசுவையும், பச்சைச் சிங்கத்தையும் வரைகிறான். முடிவில் தன்னை நல்ல ஓவியன் என்கிறான். சொற்கள் மிகக் குறைவு. தனியாக வாங்கி வாசித்தால் இந்த நூல் வெறுமையாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பத்து நூல்களுக்குப் பிறகு வாசித்தபோது நடந்ததே வேறு. அட்டையைக் காட்டியதும், நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, "இது பழுப்புக் கரடி பார்த்த குதிரை" என்று நாலைந்து குரல்கள் எழுந்தன. 1967-இன் நூலையும் 2011-இன் நூலையும் அருகருகே விரித்துவைத்து, 44 ஆண்டுகள் கழித்தும் அதே மனிதர் அதே குதிரைக்குத் திரும்பி வந்திருப்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். கரும்பலகை மூலையில் எழுதிவைத்த கேள்விக்கு விடைசொல்லும் நேரம் வந்தது.

அப்போதுதான் அவருடைய சிறுவயதைச் சொன்னேன். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் அவர் பள்ளியில் படித்த காலத்தில், நாஜி ஆட்சியாளர்கள் புதுமையான ஓவியங்களைத் தடைசெய்திருந்தார்கள். கிரௌஸ் என்ற ஓவிய ஆசிரியர் அந்தச் சிறுவனைத் தம் வீட்டுக்கு அழைத்து, தடைசெய்யப்பட்ட ஓவியங்களின் அச்சுப்படங்களை மறைவாகக் காட்டினார். பிரான்ஸ் மார்க் என்னும் ஓவியர் வரைந்த நீலக் குதிரையின் தாக்கத்தை அவர் வாழ்நாள் முழுவதும் சுமந்தார். ஏழு வயதுக் குழந்தைகளிடம் போரைப் பற்றி அதிகம் பேசவில்லை. "பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்த படத்தை ஓர் ஆசிரியர் காட்டினார்" என்பது மட்டும் போதுமாக இருந்தது. சற்று நேர அமைதிக்குப் பிறகு ஒரு சிறுவன், "எங்க ஊர் ஐயனார் கோயில் குதிரையும் நீலந்தான்" என்றான். வேறு ஊர்க் குழந்தைகள் தங்கள் ஊர்க் குதிரை வெள்ளை என்றும், சிவப்புச் சேணம் என்றும் சொல்லத் தொடங்கினார்கள். குதிரை நீலமாக இருக்குமா என்று பருவத் தொடக்கத்தில் கேட்ட அந்தச் சிறுமி, குயவர் வீட்டில் சுடுமண் குதிரைக்கு நீலம் பூசுவதைத் தான் பார்த்திருப்பதாக அன்று நினைவுகூர்ந்தாள்.

குறைகளையும் சொல்லவேண்டும். பதினொரு நூல்களில் அமைப்பு திரும்பத் திரும்ப ஒன்றாகவே வருகிறது: ஓர் உயிர் ஒவ்வொருவராகச் சந்தித்துக்கொண்டே போகும், கடைசியில் ஒரு வியப்பு காத்திருக்கும். ஓர் எழுத்தாளரின் வழக்கத்தைக் கண்டுகொள்ள அது உதவுகிறது என்றாலும், எட்டாவது நூலுக்குமேல் முடிவைக் குழந்தைகள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். மனிதர்களை வரைவதில் கார்லின் கை விலங்குகளில் இருக்கும் அளவுக்குச் சுதந்திரமாக இல்லை என்பது என் கருத்து. மூன்றாம் வகுப்புக்குமேல் இந்தத் தொகுதி போதாது. அவர்களுக்கு நீண்ட கதை வேண்டும். ஒரு பருவத்திற்குப் பதினொன்றும் தேவையில்லை என்று நினைக்கிறவர்கள் மின்மினியையும் ரயில்வண்டியையும் விட்டுவிடலாம். சுண்டெலி, இரண்டு கரடிகள், புழு, சிலந்தி, நீலக் குதிரை ஆகிய ஆறும் கட்டாயம் வேண்டும்.

பதிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உள்ளங்கை அளவுள்ள சிறிய கெட்டி அட்டைப் பதிப்புகள் விலை மலிவு, எளிதில் கிழியாது. ஆனால் 30 குழந்தைகளுக்கு வாசித்துக்காட்ட அவை பயன்படமாட்டா. முதல் முறை ஓர் இணையக் கடையில் அளவைப் பார்க்காமல் வாங்கி, மூன்று நூல்களைத் திரும்ப வாங்கவேண்டியதாயிற்று. புழுவுக்கும் பொறிவண்டுக்கும் பெரிய அளவுப் பதிப்பே வேண்டும், ஏனெனில் பக்க அகலத்தின் மாற்றம் சிறிய பதிப்பில் கண்ணில் படாது. சிறியவற்றைக் குழந்தைகள் வீட்டுக்கு எடுத்துச்செல்ல வைத்துக்கொள்ளலாம். எங்களிடம் அவை இப்போது அதற்கே பயன்படுகின்றன.

கார்ல் 2021 மே 23 அன்று, 91-ஆம் வயதில் மறைந்தார். அவருக்குக் கடிதம் எழுதலாமா என்று குழந்தைகள் கேட்டபோது அதைச் சொல்லவேண்டியிருந்தது. அடுத்த பருவத்திற்கு அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்து, சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட கஜபதி குலபதி யானையின் நூல்களை எடுத்துவைத்திருக்கிறேன். கார்லின் கையை அறிந்த பிறகு, வேறொரு கை எப்படி வரைகிறது என்பதை இந்தக் குழந்தைகள் உடனே காண்பார்கள்.

பருவம் முடிந்து நூல்களை அடுக்கில் திருப்பி வைத்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. படப்புத்தகங்களை எழுதியவரின் பெயர்வரிசையில் அடுக்குகிறோம். தமிழ் எழுத்தாளர்களை அவரவர் இயற்பெயரிலும், மேல்நாட்டவரைக் குடும்பப் பெயரிலும் வைப்பது நூலக வழக்கம். எரிக் என்று கூப்பிடுகிறவரை 'கார்ல்' என்ற வரிசையில் தேடவேண்டும் என்பதையே குழந்தைகள் மெல்லத்தான் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் இரண்டு கரடி நூல்களும் மார்ட்டின் வரிசைக்குப் போனபோது அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வரைந்தவரும் பாதி உழைத்திருக்கிறாரே, அவருடைய மற்ற நூல்களிலிருந்து இவற்றை ஏன் பிரிக்கவேண்டும் என்று கேட்டார்கள். விதியை மாற்றமுடியாது, ஆனால் வழிகாட்டும் அட்டை வைக்கலாம் என்றேன். கார்லின் வரிசையின் முடிவில் இப்போது ஒரு கெட்டி அட்டை நிற்கிறது. "இவர் வரைந்த இன்னும் இரண்டு புத்தகம் மார்ட்டின் வீட்டில் இருக்கிறது" என்று இரண்டாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதி, கீழே புடவைக் கடைத் தாளில் வெட்டிய ஒரு நீலக் குதிரையை ஒட்டியிருக்கிறார்கள்.